நீர் காத்ததும் சட்டம் காத்ததும்: டென்மார்க்கின் அருங்காட்சியகங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு பின்னணி

கோபன்ஹேகன் நகரின் நடுவே, ஒரு காலத்தில் இளவரசர் மாளிகையாக இருந்த கட்டடத்தில் டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் இயங்குகிறது. அங்கே இரண்டு தங்கக் கொம்புகள் வைக்கப்பட்டுள்ளன. மனித உருவங்களும் விலங்குகளும் பாம்புகளும் வளையம் வளையமாகப் பொறிக்கப்பட்ட அந்தக் கொம்புகளை அறியாதவர் அந்நாட்டில் அநேகமாக இல்லை. ஆனால் அவை அசல் பொருள்கள் அல்ல. அசல் கொம்புகளில் ஒன்றை 1639-இல் ஜட்லாந்து தீபகற்பத்தின் தென்பகுதியில் உள்ள காலஹூஸ் என்ற சிற்றூரில் ஓர் இளம்பெண் கண்டெடுத்தாள். அதற்குச் சற்றுத் தள்ளி, 1734-இல், ஓர் உழவர் இரண்டாவது கொம்பைக் கண்டெடுத்தார். இரண்டும் அரசரின் சேகரிப்பைச் சென்றடைந்தன. 1802 மே மாதம் நீல்ஸ் ஹைடன்ரைக் என்ற பொற்கொல்லர் அங்கிருந்து இரண்டையும் திருடி உருக்கிவிட்டார். ஏறத்தாழ 1,200 முதல் 1,300 ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த பொருள்கள், மனிதர் கைக்கு வந்தபின் இரண்டு நூற்றாண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இன்று நாம் காண்பவை, பழைய வரைபடங்களையும் விவரிப்புகளையும் துணைகொண்டு பின்னாளில் செய்யப்பட்ட நகல்களே.

நகலிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. டென்மார்க்கில் பழம்பொருள்களைப் பார்க்கும் பயணி, ஒவ்வொரு பொருளின் முன்பும் அது எவ்வளவு பழையது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அது எப்படி மிஞ்சியது என்றும் கேட்டாரானால், அந்நாட்டின் அருங்காட்சியகங்கள் வேறொரு தெளிவோடு விளங்கத் தொடங்கும். பனியுகத்தின் பனிப்பாறைகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் உருண்டைப் பாறைகளுமே அந்நாட்டின் பெரும்பகுதி நிலம். கட்டடத்துக்குரிய நல்ல கல் அங்கே அரிது. ஆகவே கிறித்தவம் பரவிக் கல் தேவாலயங்கள் எழும்பும் வரை அங்கே அரசரின் மண்டபமும் உழவரின் வீடும் மரத்தால்தான் கட்டப்பட்டன. மரம் மக்கும். வைக்கிங் காலத்து மாளிகை ஒன்று நின்ற இடத்தில் இன்று எஞ்சியிருப்பது, தூண்கள் நட்ட குழிகளில் மண்ணின் நிறம் மாறிக் கிடக்கும் கறைகள் மட்டுமே. இப்படித் தரைக்கு மேல் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்த நாட்டில் இத்தனை வளமான காட்சிக்கூடங்கள் இருக்கின்றன என்றால், அதற்கு முதன்மையான காரணங்களாக நான் கருதுபவை இரண்டு: காற்றுப் புகாத ஈரம் ஒன்று, கண்டெடுத்ததை ஒப்படைக்கச் சொல்லும் சட்டம் மற்றொன்று.

முதலில் ஈரத்தைப் பார்ப்போம். ஜட்லாந்தின் சதுப்பு நிலங்களில் ஸ்பாக்னம் என்னும் ஒருவகைப் பாசி அடுக்கடுக்காக வளர்ந்து, மடிந்து, அழுந்திக் கிடக்கிறது. காய்ந்தால் அடுப்பெரிக்கும் பீட் கரியாக அது பயன்படும். அந்த அடுக்குகளுக்குள் தேங்கிய நீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அமிலத்தன்மை மிகுதி, குளிர்ச்சியும் மிகுதி. பொருள்களை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்ய முடிவதில்லை. மேலும், பாசியிலிருந்து வெளியாகும் வேதிப்பொருள்கள், தோல் பதனிடுபவர் தோலைப் பதனிடுவதைப் போலவே, உள்ளே விழுந்த உடலின் தோலையும் பதனிட்டுவிடுகின்றன. அதே அமிலம் எலும்பின் சுண்ணத்தை மெல்லக் கரைக்கிறது. விலங்கிலிருந்து வந்த கம்பளியும் தோலும் முடியும் தங்க, செடியிலிருந்து வந்த நார்த்துணி கரைந்து போகிறது. சதுப்பு நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட உடல்கள் சில ஆடையின்றிக் காணப்படுவதற்கு, அவை நார்த்துணி உடுத்தியிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1950 மே மாதம் சில்கபோர்க் நகருக்கு மேற்கே பீட் கரி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓர் ஆணின் முகத்தைக் கண்டார்கள். அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துக் காவல்துறைக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அவர் இறந்து ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன. டோலுண்ட் மனிதர் என்று இன்று அழைக்கப்படும் அவர் சில்கபோர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். மூடிய கண்கள், நெற்றிச் சுருக்கம், தலையில் ஆட்டுத்தோல் குல்லாய், முகவாயில் ஓரிரு நாள் மழிக்காத தாடியின் முனைகள், கழுத்தைச் சுற்றிப் பின்னிய தோல் கயிறு. அந்தக் கயிற்றில்தான் அவரைத் தூக்கிலிட்டிருக்கிறார்கள். சமயப் பலியாக அது நடந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, உடல் அங்கே வீசி எறியப்படாமல், உறங்குபவரைப் போல ஒருக்களித்துப் படுக்க வைக்கப்பட்டிருந்தது என்பது. 2021-இல் அவருடைய குடலில் எஞ்சியிருந்ததை மறுபடி ஆராய்ந்தபோது, கடைசியாக அவர் உண்டது பார்லியும் ஆளிவிதையும் களைச்செடி விதைகளும் சேர்ந்த கஞ்சி என்றும், கொஞ்சம் மீனும் உண்டிருந்தார் என்றும், அந்தக் கஞ்சி மண்பானையில் சற்றே அடிப்பிடித்திருந்தது என்றும் தெரிந்தது. எத்தனையோ அரசர்களைப் பற்றிக்கூட இவ்வளவு நெருக்கமான செய்தி நமக்குக் கிடைப்பதில்லை.

அந்தக் கண்ணாடிப் பேழையின் முன் நிற்கும்போது பயணி தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. நாம் காணும் தலை அசல். அதற்குக் கீழே உள்ள உடல் பெரும்பாலும் மீட்டுருவாக்கம். 1950-இல் முழு உடலையும் பதப்படுத்துவதற்கான அனுபவம் யாருக்கும் இல்லாததால், தலையை மட்டும் முழுமையாகக் காப்பாற்றினார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்துக் கிடைத்த கிரௌபல மனிதரின் உடலை, ஓக் மரப்பட்டையைக் கொண்டு பல மாதங்கள் பதனிட்டு முழுமையாகக் காக்க முடிந்தது. அவரை ஓர்ஹூஸ் நகருக்கு வெளியே, புல் வேய்ந்த சரிவான கூரையோடு 2014-இல் திறக்கப்பட்ட மோஸ்கோர்ட் அருங்காட்சியகத்தின் கட்டடத்தில் காணலாம். இரண்டு உடல்களையும் ஒரே பயணத்தில் பார்ப்பவருக்கு, இரும்புக் கால மரணம் எப்படி நிகழ்ந்தது என்பதோடு, அருங்காட்சியகத் தொழில்நுட்பம் எவ்வளவு விரைவாகப் பாடம் கற்றது என்பதும் விளங்கும்.

ஈரம் காத்த மற்றொரு பொருள் தொகுதி கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1921-இல் எக்ட்வெட் என்ற ஊரின் ஈமமேட்டில் குடைந்த ஓக் மரச் சவப்பெட்டி ஒன்று கிடைத்தது. மேட்டின் உள்ளே இரும்புச் சத்து கெட்டியாகப் படிந்து ஓர் ஓடுபோல மூடிக்கொண்டதால், உள்ளிருந்த நீர் வெளியேறவில்லை, வெளியிலிருந்த காற்று உள்ளே புகவில்லை. மரவளையங்களை எண்ணிப் பார்த்ததில், அடக்கம் நடந்தது கி.மு. 1370-ஐ ஒட்டிய ஆண்டு என்று தெரிந்தது. பெட்டியில் மலர்ந்த செடி ஒன்று வைக்கப்பட்டிருந்தபடியால், அது கோடைக்காலம் என்றும் சொல்ல முடிகிறது. உள்ளே இருந்தவள் 16 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு பெண். எலும்புகள் போய்விட்டன. முடியும் நகங்களும் பற்களும் தோலின் சில பகுதிகளும் இருக்கின்றன. கயிறுகளால் ஆன குட்டைப் பாவாடை, வயிற்றின் மேல் சுருள் கோலமிட்ட வெண்கல வட்டு, காலடியில் தேனும் கோதுமையும் காட்டுப் பழமும் சேர்த்துப் புளிக்க வைத்த பானம் இருந்த மரப்பட்டை வாளி, அருகே எரியூட்டப்பட்ட ஒரு சிறு குழந்தையின் எலும்புகள். பாவாடையின் கயிறுகள் ஒவ்வொன்றும் முறுக்குக் கலையாமல் இருப்பதைக் குனிந்து பார்க்கும்போது, இதை நெய்த கை இப்போதுதான் எழுந்து போனதோ என்று தோன்றிவிடுகிறது.

இந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரு கருத்து மாறுபாடு இருக்கிறது. அவளுடைய பல்லிலும் முடியிலும் உள்ள, நிலத்துக்கு நிலம் மாறுபடும் ஸ்ட்ரான்ஷியம் தனிமத்தின் ஐசோடோப்பு விகிதங்களை வைத்து, அவள் டென்மார்க்குக்கு வெளியே, ஒருவேளை தென் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் பிறந்திருக்கலாம் என்று 2015-இல் ஓர் ஆய்வு சொன்னது. உலகச் செய்தியாக அது பரவியது. 2019-இல் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நவீன விவசாயத்தில் வயலுக்கு இடும் சுண்ணாம்பு நீரோடைகளின் ஸ்ட்ரான்ஷியம் விகிதத்தை மாற்றிவிடுகிறது என்றும், ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட அளவுகோலே பிசகியிருக்கக்கூடும் என்றும், அவள் உள்ளூர்ப் பெண்ணாகவே இருக்க வாய்ப்புண்டு என்றும் எழுதினார்கள். விவாதம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு காட்சிக்கூடத்துக்குள் போகாமல், இந்த இரண்டு கருத்துகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு போவதே நல்லது.

இனிச் சட்டம். ஜட்லாந்துக்காக 1241-இல் இயற்றப்பட்ட சட்டத்தொகுப்பிலேயே, உரியவர் அற்ற பொன்னும் வெள்ளியும் மண்ணில் கிடைத்தால் அது அரசருக்கு உரியது என்ற விதி இருக்கிறது. அத்தகைய பொருளுக்கு டேனிய மொழியில் தானெஃபே என்று பெயர். அரசரின் இடத்தில் இன்று அரசு இருக்கிறது. அருங்காட்சியகச் சட்டத்தின்படி, அரிய பழம்பொருளைக் கண்டெடுத்தவர் அதை ஒப்படைத்தே ஆக வேண்டும். அதற்கு ஈடாகத் தேசிய அருங்காட்சியகம், பொருளின் மதிப்பையும் அரிதான தன்மையையும் அதைக் கண்டெடுத்தவர் காட்டிய கவனத்தையும் கருத்தில் கொண்டு, அவருக்கு வெகுமதி தருகிறது. ஐரோப்பாவின் பல நாடுகளில் பொழுதுபோக்காக மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்க, டென்மார்க்கில் நில உரிமையாளரின் ஒப்புதலோடு, பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களை விட்டு விலகி, யாரும் தேடலாம். இதனால் கொள்ளை பெருகும் என்று பயப்படத் தோன்றும். நடைமுறையில், ஒப்படைப்பவர் மதிக்கப்படுகிறார் என்ற நம்பிக்கை ஊன்றிவிட்டதால், பெருந்தொகையான பொருள்கள் அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்கின்றன.

2020 இறுதியில் ஜட்லாந்தின் யெல்லிங் ஊருக்கு அருகிலுள்ள விண்டலேவ் என்ற இடத்தில், அப்போதுதான் கருவி வாங்கிப் பழகத் தொடங்கியிருந்த ஒருவருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடையுள்ள பொற்குவியல் கிடைத்தது. அதில் இருந்த பதக்கம் ஒன்றில் ஓடின் என்ற நோர்டிக் கடவுளின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதாக 2023-இல் அறிவித்தார்கள். அந்தப் பெயர் எழுத்தில் காணப்படும் மிகப் பழைய சான்று அது. காலஹூஸ் கொம்புகளை எடுத்தவர்களும் இந்தப் பொற்குவியலை எடுத்தவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள்தாம் என்றாலும், முதல் இரண்டு பொருள்களுக்கு இல்லாத காவல் மூன்றாவதற்கு இருந்தது. அந்தக் காவல் பிறந்ததில் 1802-ஆம் ஆண்டுத் திருட்டுக்கும் பங்கு உண்டு. கொம்புகள் அழிந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், நாட்டின் பழம்பொருள்களைக் காக்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1807-இல் தொல்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. வணிகக் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்டியன் யூர்கன்சன் தோம்சன் என்பவர் 1816-இல் அதன் செயலாளர் ஆனார்.

அவர் முன்னால் குவிந்து கிடந்தவை எந்த ஒழுங்கும் இல்லாத கற்கோடரிகளும் வெண்கல வாள்களும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளுமே. எது எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பதைக் கவனித்து, முதலில் கல், பிறகு வெண்கலம், பிறகு இரும்பு என்று அவற்றை மூன்று காலங்களாக அவர் பிரித்து அடுக்கினார். 1819-இல் வட்டக் கோபுரத்தை ஒட்டிய டிரினிட்டாட்டிஸ் தேவாலயத்தின் மேல்மாடத்தில் அந்தச் சேகரிப்பு மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1836-இல் வெளியான வழிகாட்டிக் கையேட்டில் தம் முறையை அவர் எழுதி வைத்தார். ஆதிச்சநல்லூரைப் பற்றியோ சிவகளையைப் பற்றியோ பேசும்போது நாம் இயல்பாகச் சொல்லும் ‘இரும்புக் காலம்’ என்ற பிரிவு தொல்லியலில் நிலைபெற்றது அந்த மாடத்தில்தான். தென்னிந்தியாவில் வெண்கலக் காலம் என்று தனியாக ஒன்றைக் காட்ட முடியாமல் கல்லிலிருந்து நேரே இரும்புக்குப் போக வேண்டியிருப்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு வடபுலச் சேகரிப்பை அடுக்குவதற்காக உருவான முறை உலகம் முழுவதற்கும் அப்படியே பொருந்திவிடாது என்பதும் தெளிவாகும்.

தோம்சனின் வெண்கலக் காலத்துக்கு மகுடம் போன்ற பொருள் அவர் காலத்துக்குப் பின் கிடைத்தது. 1902-இல், ஸேலாந்து தீவின் வடமேற்கில் வடிகால் வெட்டி வற்றவைத்த ட்ருண்ட்ஹோல்ம் சதுப்பு நிலத்தை உழுதபோது வெளிப்பட்ட சூரியத் தேர், ஆறு சக்கரங்களின் மேல் ஒரு குதிரை ஒரு வட்டத்தை இழுத்துச் செல்லும் சிற்றுரு. நீளம் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். வட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பொன் தகடு ஒட்டப்பட்டிருக்கிறது. பின்பக்கம் வெறும் வெண்கலம். பகலில் ஒளியோடு போகும் சூரியனும் இரவில் ஒளியின்றித் திரும்பும் சூரியனும் ஒரே உருவில் அடங்கியிருக்கின்றன என்பது பரவலான விளக்கம். ஆகவே பேழையை ஒருமுறை முழுக்கச் சுற்றி வந்து இரு பக்கமும் பார்க்க வேண்டும். பலர் பொன் பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கோபன்ஹேகனிலிருந்து அரை மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் ரோஸ்கில்டே நகரில், காத்த நீர் கடல்நீர். 1070-ஐ ஒட்டி, பகைவரின் கப்பல்கள் நகரை நெருங்காதபடி நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடற்கழியான ஃபியோர்டின் குறுகிய வழியில் பழைய கப்பல்களைக் கல் நிரப்பி மூழ்கடித்தார்கள். 1962-இல் அந்த இடத்தைச் சுற்றி இரும்புத் தகடுகளால் அணை கட்டி, நீரை இறைத்து, நான்கே மாதங்களில் அகழ்ந்து எடுத்தார்கள். அங்குள்ள வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தில் கப்பல்கள் 1, 2, 3, 5, 6 என்று எண்ணிடப்பட்டிருக்கும். நான்காவது எங்கே என்று தேட வேண்டாம். ஆறு கப்பல்கள் என்று முதலில் நினைத்தார்கள். நான்காவதும் இரண்டாவதும் ஒரே நீண்ட போர்க்கப்பலின் பகுதிகள் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கப்பலின் ஓக் மரத்தை ஆராய்ந்ததில், அது 1042-இல் அயர்லாந்தின் டப்ளின் பகுதியில் கட்டப்பட்டது என்பதும் தெரிந்தது. அதில் கால்பங்கு மரமே மிஞ்சியிருக்கிறது. மீதியை இரும்புச் சட்டங்கள் கோடிட்டுக் காட்டுகின்றன. இல்லாததை இட்டு நிரப்பாமல் வெற்றிடமாகவே விட்டிருக்கும் இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. அதே கப்பலின் முழு அளவு மாதிரியைப் பழைய முறையில், பலகைகளை ரம்பத்தால் அறுக்காமல் கோடரியாலும் ஆப்பாலும் பிளந்து, கட்டி முடித்து, 2007-இல் சுமார் 60 பேர் டப்ளின் வரை ஓட்டிச் சென்றார்கள். வெளியே உள்ள கப்பல் கூடத்தில் அந்த வேலைமுறையை இன்றும் பார்க்கலாம்.

நீருக்குள் பிழைத்த மரம் வெளியே வந்ததும் உலர்ந்து சுருங்கிவிடும் என்பதால், மரத்துக்குள் இருந்த நீர் இருந்த இடத்தில் மெழுகு போன்ற பாலியெத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளை ஆண்டுக்கணக்கில் ஊறவிட்டுச் செலுத்தினார்கள். 1969-இல் திறக்கப்பட்ட கான்கிரீட் மண்டபம் ஃபியோர்டின் ஓரத்திலேயே நிற்கிறது. 2013 டிசம்பர்ப் புயலில் நீர் மட்டம் உயர்ந்து மண்டபத்துக்கே ஆபத்து நேர இருந்தது. கட்டடமும் சீர்கெட்டு வந்ததால், பாரம்பரியக் கட்டடம் என்று அதற்கு இருந்த பாதுகாப்புத் தகுதி 2018-இல் நீக்கப்பட்டது. போவதற்கு முன் அருங்காட்சியகத்தின் அப்போதைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

யெல்லிங்கில் காணக் கிடைப்பவை இரண்டு பெரிய மேடுகள், ஒரு சிறு வெண்ணிறத் தேவாலயம், இரண்டு எழுத்துக் கற்கள். பெரிய கல்லை 965-ஐ ஒட்டி நிறுத்தியவர் அரசர் ஹரால்ட். நம் கைப்பேசியில் இருக்கும் ப்ளூடூத் என்ற பெயர் அவருடைய பட்டப்பெயரிலிருந்து வந்தது. தந்தை கோர்முக்கும் தாய் தைராவுக்கும் நினைவாக இதை நிறுவியதாகவும், டென்மார்க் முழுவதையும் நோர்வேயையும் வென்றதாகவும், டேனியரைக் கிறித்தவராக்கியதாகவும் ஹரால்ட் அதில் பொறித்திருக்கிறார். 1994-இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வெயிலிலும் பனியிலும் கல் விரிசல் விடுவதாலும், 2011-இல் யாரோ அதன்மேல் வண்ணம் தெளித்துவிட்டதாலும், இப்போது கற்கள் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் இருக்கின்றன. ஊரைச் சுற்றியிருந்த மர வேலியின் தடம் மண்ணில் கறையாகவே கிடைத்தது. அது ஓடிய வழியை வெண்ணிறத் தூண்களால் குறித்திருக்கிறார்கள். அவற்றை ஒட்டி நடந்து பார்த்தால்தான் ஹரால்டின் ஆட்சிக்கு எத்தனை ஆள்பலம் இருந்தது என்பது காலுக்குத் தெரியும்.

கோட்டைகளையும் அரண்மனைகளையும் பற்றி இங்கே விரிக்கவில்லை. அவை தரைக்கு மேல் நிற்பவை, தம்மைத் தாமே விளக்கிக்கொள்பவை. லூங்பியில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகமும் ஓர்ஹூஸின் பழைய நகரமும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றவை. பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். திறந்தவெளி இடங்களில் சில குளிர்காலத்தில் திறப்பதே இல்லை.

தமிழ் வாசகர் கோபன்ஹேகனில் நினைவில் கொள்ள வேண்டிய ஒரு பொருள் இன்னும் இருக்கிறது. காலஹூஸின் முதல் கொம்பு கிடைத்தபோது ஆட்சியில் இருந்த நான்காம் கிறிஸ்டியன் அரசருக்கு, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வேறொரு பொற்பொருள் கடல் கடந்து வந்தது. ஓவ யெட்ட என்பவரின் தலைமையில் சோழமண்டலக் கரைக்கு வந்த டேனியர்கள் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் வணிகம் நடத்தவும் கோட்டை கட்டவும் உரிமை பெற்றார்கள். அப்போது நாயக்கர் கிறிஸ்டியனுக்கு அனுப்பிய, பொற்றகட்டில் தமிழில் எழுதப்பட்ட கடிதம் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடி 1845-இல் பிரிட்டிஷாருக்கு விற்கப்பட்டது. டேனிய வணிக நிறுவனங்களின் ஆவணங்களை யுனெஸ்கோ 1997-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஒரே அரசரின் கைக்கு வந்த இரண்டு பொற்பொருள்களில், அரச சேகரிப்பில் காட்சிப்பொருளாக இருந்த கொம்பு உருகிப்போக, ஆவணங்களோடு ஆவணமாக வைக்கப்பட்ட அந்தத் தமிழ்க் கடிதம் இன்றும் படிக்கும் நிலையில் இருக்கிறது.